நம்மில் யார்? ‘அமங் அஸ்’ விளையாட்டின் நிறையும் குறையும்

விடுமுறை நாட்களில் பிள்ளைகள் நான்கைந்து பேர் கைத்தொலைபேசியும் கையுமாகக் கூடியிருந்தால், “என்ன கேம் அது?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். “அமங் அஸ்” என்று பதில் வந்தால், “ஆளைக் கொல்ற கேம் தானே?” என்பது அடுத்த கேள்வி. “இல்ல உம்மா, சும்மா கார்ட்டூன்” என்று பிள்ளைகள் சமாளிப்பார்கள். கேள்வியும் முழுமையானதல்ல, பதிலும் முழுமையானதல்ல. அது கொலை நடக்கும் விளையாட்டுத்தான். ஆனால் கொலை அதில் ஒரு சிறு பகுதி. அது கார்ட்டூன்தான், ஆனால் ‘சும்மா’ என்று சொல்லிவிட முடியாது.

நான் உயர்தரத்தில் அளவையியலை ஒரு பாடமாகக் கற்கும் மாணவி. 2020ஆம் ஆண்டு கொவிட்-19 காரணமாகப் பாடசாலைகள் மூடுவதும் திறப்பதுமாக இருந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அக்குறணை, புத்தளம், கல்முனை என்று வெவ்வேறு ஊர்களில் இருந்த எங்கள் சாச்சா, மாமி பிள்ளைகள் எல்லோரும் அக்காலத்தில் இதை விளையாடத் தொடங்கினோம். பெருநாள் விடுமுறைகளில் இன்றும் விளையாடுகிறோம். இத்தனை வருடம் பார்த்ததில் எனக்கு ஒன்று தெளிவாகியிருக்கிறது. இந்த விளையாட்டின் நன்மையும் தீமையும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. பலர் கூடிப் பேசி, ஒருவரைக் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வதே இதன் உயிர். யாரோடு கூடுகிறோம், எப்படிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தே இது நல்ல விளையாட்டாகவோ கெட்ட விளையாட்டாகவோ ஆகிறது.

விளையாடும் முறை

இதை ஒருபோதும் பார்த்திராத பெற்றோருக்காக முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு விண்வெளிக் கப்பலில் வெவ்வேறு நிற உடையணிந்த சிறு உருவங்கள் இருக்கின்றன. ஒவ்வோர் உருவத்தையும் ஒருவர் தமது தொலைபேசியிலோ கணினியிலோ இருந்து இயக்குகிறார். நான்கு பேர் முதல் பத்துப் பேர் வரை சேர்ந்து விளையாடலாம். 2021ஆம் ஆண்டிலிருந்து பதினைந்து பேர் வரை சேர முடியும். பெரும்பாலானோர் கப்பலின் பணியாளர்கள். வயர்களைப் பொருத்துவது, அட்டையைத் தேய்ப்பது, குப்பையைக் கொட்டுவது போன்ற சின்னச் சின்ன வேலைகள் அவர்களுக்குத் தரப்படும். எல்லோருடைய வேலைகளும் முடிந்தால் பணியாளர்களுக்கு வெற்றி.

ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் ஒருவரோ இருவரோ மூவரோ ‘இம்போஸ்டர்’. இக்கட்டுரையில் அவரை வேடதாரி என்று எழுதுகிறேன். யார் வேடதாரி என்பதை விளையாட்டே குலுக்கல் முறையில் தீர்மானித்து அவருக்கு மட்டும் இரகசியமாகக் காட்டும். அவர் வேலை செய்வதுபோல் நடித்துக்கொண்டு, யாரும் பார்க்காத நேரத்தில் பணியாளரைக் கொல்வார். தரையிலுள்ள காற்றுக் குழாய் வழியாக வேறு அறைக்குத் தப்புவார். மின்விளக்கை அணைப்பார், ஒட்சிசன் இயந்திரத்தைப் பழுதாக்குவார். இறந்த உடலை யாராவது கண்டு அறிவித்தால் உடனே கூட்டம் கூடும். அவசரப் பொத்தானை அழுத்தியும் கூட்டத்தைக் கூட்டலாம். யார் எங்கே இருந்தார்கள், யார் யாரைக் கண்டார்கள் என்று எல்லோரும் பேச வேண்டியது அப்போதுதான். பேசி முடித்து வாக்களிப்பார்கள். அதிக வாக்குப் பெற்றவர் கப்பலுக்கு வெளியே வீசப்படுவார். வாக்குகள் சமமானாலோ, எவருக்கும் வாக்களிக்காமல் ‘ஸ்கிப்’ செய்தவர்கள் அதிகமானாலோ எவரும் வெளியேறமாட்டார்கள். வேடதாரிகள் எல்லோரும் பிடிபட்டால் பணியாளருக்கு வெற்றி. வேடதாரிகளின் எண்ணிக்கையும் மீதிப் பணியாளரின் எண்ணிக்கையும் சமமாகிவிட்டால் வேடதாரிக்கு வெற்றி. ஓர் ஆட்டம் பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடங்களில் முடிந்துவிடும்.

எங்கிருந்து வந்தது?

இந்த யோசனை கணினியில் பிறந்ததல்ல. 1986ஆம் ஆண்டு மொஸ்கோ அரச பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையைச் சேர்ந்த திமித்ரி டவிடோவ் என்பவர் ‘மாஃபியா’ என்ற விளையாட்டை உருவாக்கினார். கூட்டத்தில் ஒளிந்திருக்கும் சிலருக்கு உண்மை தெரியும், பெரும்பான்மைக்குத் தெரியாது. பேசித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1997இல் அமெரிக்கரான அன்ட்ரூ பிளொட்கின் அதையே ஓநாய் மனிதர் கதையாக மாற்றினார். இரண்டுக்கும் கணினி தேவையில்லை, மின்சாரம்கூடத் தேவையில்லை.

நமக்கும் இது முற்றிலும் புதியதல்ல. துண்டுக் கடதாசிகளில் ராஜா, மந்திரி, பொலிஸ், கள்ளன் என்று எழுதி மடித்துப் போட்டு, பொலிஸ் வந்தவர் மற்றவர்களின் முகத்தைப் பார்த்துக் கள்ளனைக் கண்டுபிடிக்கும் விளையாட்டை உம்மாவும் சாச்சியும் சிறுவயதில் விளையாடியதாகச் சொல்வார்கள். ‘அமங் அஸ்’ அந்தக் குடும்பத்தில் வந்த பிள்ளைதான்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ரெட்மண்ட் என்ற நகரிலுள்ள ‘இன்னர்ஸ்லொத்’ என்ற மிகச் சிறிய நிறுவனம் இதை 2018 ஜூனில் வெளியிட்டது. ஓர் அறையில் கூடியிருக்கும் நண்பர்கள் தத்தம் தொலைபேசியில் விளையாட வேண்டும் என்பதே அவர்களது முதல் எண்ணம். ஆரம்பத்தில் இதை ஏறெடுத்துப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. இரண்டு வருடங்களின் பின், உலகமே வீட்டுக்குள் அடைபட்டிருந்த 2020இன் நடுப்பகுதியில், இணையத்தில் விளையாடிக் காட்டுபவர்கள் மூலம் இது திடீரென்று பரவியது. அந்த ஆண்டின் ‘த கேம் அவார்ட்ஸ்’ விழாவில் சிறந்த கைத்தொலைபேசி விளையாட்டு, சிறந்த பலர் ஆடும் விளையாட்டு என்று இரண்டு விருதுகளையும் பெற்றது. அதே ஆண்டு ஒக்டோபரில் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் மக்களைத் தேர்தலில் வாக்களிக்கத் தூண்டுவதற்காக இதை நேரலையில் விளையாடியபோது, பர்தா அணியும் முஸ்லிம் உறுப்பினரான இல்ஹான் ஓமரும் அதில் சேர்ந்துகொண்டார். ஒரே நேரத்தில் நான்கு இலட்சத்துக்கும் அதிகமானோர் அதைப் பார்த்தார்கள்.

நிறைகள்

முதலாவது நிறை, இதை விளையாட விசேட திறமை வேண்டியதில்லை. வேகமாகச் சுடவோ ஓடவோ பழக வேண்டியதில்லை. ஒரு விரலால் உருவத்தை நகர்த்தத் தெரிந்தால் போதும். பழைய தொலைபேசியிலும் ஓடும். தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கிறது. அதனால் எங்கள் வீட்டில் ஒன்பது வயதுத் தம்பியும் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ராத்தாவும் ஒரே ஆட்டத்தில் சமமாக நிற்க முடிந்தது. வயதுக்கு வயது பிள்ளைகள் பிரிந்துபோகாமல் சேர்ந்திருக்கும் விளையாட்டுகள் இப்போது அதிகம் இல்லை.

இரண்டாவது, இறந்தவருக்கும் இதில் வேலை உண்டு. பழைய மாஃபியா விளையாட்டில் வெளியேறியவர் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதில் இறந்த பணியாளர் ஆவியாக உலாவித் தமது மீதி வேலைகளை முடிக்கலாம். பல ஆட்டங்களில் கடைசி வயரைப் பொருத்தி வெற்றி தேடித் தருபவர் முதலில் இறந்தவராகவே இருப்பார்.

மூன்றாவது நிறை எனக்கு மிகவும் பிடித்தது. ஆதாரம் என்றால் என்ன என்பதை இது விளையாட்டாகவே கற்றுத்தருகிறது. “அவள்தான், எனக்குத் தெரியும்” என்பது ஆதாரமல்ல. “மின்சார அறையில் கொலை நடந்தபோது நானும் பச்சையும் உணவு மண்டபத்தில் இருந்தோம், ஆகவே பச்சை அதைச் செய்திருக்க முடியாது” என்பது ஆதாரம். மருத்துவ அறையில் ஒருவர் உடற்பரிசோதனை மேடையில் நிற்கும்போது அந்த ஒளி மற்றவர்களுக்கும் தெரியும்படி ஆட்டத்தை அமைக்கலாம். வேடதாரியால் அந்த ஒளியை உண்டாக்க முடியாது. ஆகவே அதைக் கண்ணால் கண்டவர் அந்த ஆளுக்காகச் சாட்சி சொல்லலாம். கண்டது எது, ஊகித்தது எது என்று பிரித்துப் பேசப் பிள்ளைகள் தாமாகவே பழகிக்கொள்கிறார்கள்.

இதில் ஒரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. பத்துப் பேர் உள்ள ஆட்டத்தில் இரண்டு வேடதாரிகள் என்று வைத்துக்கொள்வோம். முதல் கொலை நடந்து கூட்டம் கூடும்போது ஒன்பது பேர் உயிருடன் இருப்பார்கள். நான் பணியாளர் என்றால் என்னைத் தவிர எட்டுப் பேர்; அவர்களில் இருவர் வேடதாரிகள். ஆதாரமில்லாமல் கண்ணை மூடிக்கொண்டு ஒருவரைச் சுட்டினால் அது சரியாக இருக்க நான்கில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. நான்கில் மூன்று தடவை நிரபராதியே வெளியேறுவார். அப்படி ஒருவர் வெளியேறினால் ஆறு பணியாளர் மிஞ்சுவர். அடுத்த சுற்றில் வேடதாரிகள் ஆளுக்கொருவரைக் கொன்றால் நான்கு. மீண்டும் பிழையான ஒருவரை வெளியேற்றினால் மூன்று. இன்னும் ஒரே ஒரு கொலை, இரண்டுக்கு இரண்டு, ஆட்டம் முடிந்தது. அதாவது வேடதாரிகள் கொன்றது மொத்தம் நான்கு பேரை. மீதி இரண்டு பேரை அவர்களுக்காக வெளியேற்றிக் கொடுத்தவர்கள் பணியாளர்களே. ஆதாரமில்லாதபோது ‘ஸ்கிப்’ செய்வது கோழைத்தனமல்ல, கணக்கு என்பது இதைப் போட்டுப் பார்த்தால் விளங்கும்.

நான்காவது நிறை, வாக்கெடுப்பின் பின் வரும் ஒரு வரி. வெளியேற்றப்பட்டவர் இருட்டில் சுழன்று போகும்போது, அவர் வேடதாரியா இல்லையா என்பது திரையில் எழுதப்படும். “இவர் இம்போஸ்டர் அல்லர்” என்று வரும்போது சத்தம்போட்டுக் குற்றம் சாட்டியவர்கள் எல்லோரும் ஒரு நொடி அமைதியாகிவிடுவார்கள். தீர்ப்புச் சொன்ன பத்தாவது விநாடியில் அந்தத் தீர்ப்புப் பிழையென்று தெரிந்துவிடுகிறது. இப்படி உடனே பதில் கிடைக்கும் வேறொரு பாடத்தை நான் கண்டதில்லை.

குறைகள்

இனி மறுபக்கம். பெற்றோர் முதலில் சொல்லும் குறை கொலைக் காட்சி. உருவங்கள் பொம்மை போன்றவை என்பது உண்மை. ஆனாலும் கத்தியால் குத்துவதும், பாதி உடலில் எலும்பு நீட்டிக்கொண்டு கிடப்பதும் அதில் உண்டு. அமெரிக்காவில் இதைப் பத்து வயதுக்கு மேற்பட்டோருக்கு உரியதென்று தரப்படுத்தியிருக்கிறார்கள். மிகச் சிறிய பிள்ளைகள் பயப்படலாம். “சும்மா கார்ட்டூன்” என்று சொல்லிப் பெரியவர்களை ஏமாற்றாமல், அந்தக் காட்சியை அவர்களுக்கே ஒருமுறை காட்டிவிடுவதுதான் நேர்மையானது.

அதைவிடப் பெரிய குறை பொய். வேடதாரி பாத்திரம் கிடைத்தவர் பொய் சொல்லித்தான் தப்ப வேண்டியிருக்கிறது. வேடிக்கைக்காகவும் பொய் சொல்லக் கூடாது என்பது குர்ஆன் மத்ரஸாவில் நாம் சிறுவயதிலேயே கேட்ட பாடம். “எல்லோரும் ஒத்துக்கொண்ட விளையாட்டில் நடிப்பது பொய்யாகுமா?” என்று எங்களுக்குள்ளேயே வாதம் நடந்தது. இதில் மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. அது ஆலிம்களிடம் கேட்க வேண்டியது. நான் கண்டதை மட்டும் சொல்கிறேன். ஆட்டம் சூடாகும்போது நடிப்புக்கும் பொய்க்கும் இடையிலுள்ள கோடு மிக எளிதில் அழிந்துவிடுகிறது. ஒருநாள் கூட்டத்தில் மாட்டிக்கொண்ட மாமி மகன், “வல்லாஹி நான் இல்ல” என்று சொல்லிவிட்டான். அவன்தான் வேடதாரி. ராத்தா அந்த இடத்திலேயே ஆட்டத்தை நிறுத்தினார். “கேமுக்காக அல்லாஹ்ட பேர எடுக்கிறதா?” என்று கேட்டார். அன்றிலிருந்து எங்கள் ஆட்டத்தில் சத்தியம் செய்யக் கூடாது, உம்மா வாப்பா மேல் ஆணையிடக் கூடாது என்பது முதல் விதி. புத்தளத்து மச்சி ஒருவர், “எனக்கு வேடதாரியாக இருக்க விருப்பமில்லை” என்று சொல்லி விளையாடுவதையே விட்டார். அவரை யாரும் கேலி செய்வதில்லை. அவர் இப்போது நேரம் பார்த்து நடுவராக இருக்கிறார்.

அடுத்த குறையை நான் புரிந்துகொள்ளச் சில காலம் எடுத்தது. கல்முனையில் இருக்கும் என் சாச்சாவின் மகளுக்கு அப்போது பத்து வயது. மிகவும் அமைதியான பிள்ளை. கேட்டால் மட்டும் பதில் சொல்வாள். வட்ஸ்அப் அழைப்பில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தும்போது அவளுடைய குரல் கேட்காது. “அவ பேசாம இருக்கா, அவதான்” என்று ஒருவர் சொல்வார். வாக்குகள் அவள் பக்கம் விழும். அவள் வேடதாரி அல்லள் என்று திரை சொல்லும். அடுத்த ஆட்டத்திலும் அதே கதை. மூன்றாவது தடவை வெளியேற்றப்பட்டபோது அவள் மெதுவாகச் சொன்னாள்: “நான் எப்பவும் இப்பிடித்தானே இருப்பேன்.” பிறகு உம்மா கூப்பிடுவதாகச் சொல்லி அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

அளவையியல் வகுப்பில் போலி நியாயங்களைப் படித்தபோது அவளுடைய குரல்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. மழை பெய்தால் நிலம் நனையும். நிலம் நனைந்திருக்கிறது. ஆகவே மழை பெய்தது. கேட்கச் சரிபோலத் தோன்றும். ஆனால் நிலம் நனைய வேறு காரணங்களும் உண்டு. யாராவது செடிக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கலாம். வேடதாரி பயத்தில் பேசாமல் இருப்பார், இவள் பேசவில்லை, ஆகவே இவள் வேடதாரி என்பதும் இதே பிழைதான். ஒருவர் பேசாமல் இருக்கப் பயம் மட்டுமா காரணம்? கூச்சம் இருக்கலாம், இணைப்புச் சரியில்லாமல் இருக்கலாம், பக்கத்து அறையில் வாப்பா தூங்கிக்கொண்டிருக்கலாம். விளையாட்டு இந்தப் பிழையைத் திருத்துவதில்லை. சொல்லப்போனால் உரக்கப் பேசுபவருக்கே அது பரிசு கொடுக்கிறது. நன்றாகப் பேசுபவர் குற்றவாளியாக இருந்தும் தப்புகிறார். பேசத் தெரியாதவர் நிரபராதியாக இருந்தும் தண்டனை பெறுகிறார்.

இது ஒரு விளையாட்டைப் பற்றிய கட்டுரைதான். ஆனாலும் ஆதாரத்துக்கு முன் தீர்ப்பு வந்தால் என்ன நடக்கும் என்பதை இந்த நாட்டில் வளரும் நமக்கு விளையாட்டிலிருந்து மட்டும் கற்க வேண்டியதில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில், முஸ்லிம் ஒருவரின் உணவுக் கடையில் சாப்பாட்டுடன் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதாக ஒரு வதந்தி பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது மாத்திரையல்ல, மாவுக் கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம் பின்னர் அறிவித்தது. விளையாட்டில் பத்து விநாடியில் வரும் அந்த ஒரு வரி, வாழ்க்கையில் எல்லாம் எரிந்து முடிந்த பிறகே வந்தது. கூட்டமாகச் சந்தேகிக்கப்படுவது எப்படியிருக்கும் என்று அறிந்த நாமே, நமது வட்ஸ்அப் குழுக்களில் ஒரு பிள்ளையைப் பற்றியோ ஒரு குடும்பத்தைப் பற்றியோ வரும் செய்தியை ஆதாரம் கேட்காமல் அனுப்பிவிடலாமா? ‘ஸ்கிப்’ பொத்தான் அங்கேயும் நம் கையில்தான் இருக்கிறது.

நான்காவது குறை அந்நியர்கள். தெரிந்தவர்களுடன் தனியறை அமைத்து விளையாடலாம்; உலகில் யாரோடும் பொது அறையில் சேர்ந்தும் விளையாடலாம். பொது அறையில் எதிரே இருப்பவர் பிள்ளையா பெரியவரா என்று தெரியாது. கெட்ட வார்த்தை எழுதுபவர்களும், வயதும் ஊரும் விசாரிப்பவர்களும், வேறு செயலிக்கு வரச் சொல்பவர்களும் இருக்கலாம். 2020 ஒக்டோபரில் இணைய ஊடுருவிகள் பொது அறைகளைத் தேவையற்ற செய்திகளால் நிரப்பியபோது, தெரிந்தவர்களுடன் தனியறையில் மட்டும் விளையாடுமாறு நிறுவனமே கேட்டுக்கொண்டது. 2021இல் கணக்கு முறை கொண்டுவரப்பட்டது. அதன்படி வயது குறைந்த பிள்ளைகள் தம் விருப்பப்படி எழுத முடியாது. முன்கூட்டியே அமைக்கப்பட்ட வசனங்களைத் தெரிவுசெய்து மட்டுமே பேசலாம். சுதந்திரமாக எழுதப் பெற்றோரின் அனுமதி வேண்டும். இது நல்ல ஏற்பாடு. ஆனால் பிள்ளை தன் பிறந்த ஆண்டைக் குறைத்துப் போட்டுவிட்டால் அந்தக் கதவு திறந்துவிடும். ஆகவே நிறுவனம் வைத்த பூட்டை மட்டும் நம்பி இருக்க முடியாது.

கடைசிக் குறை நேரமும் பணமும். ஒவ்வோர் ஆட்டமும் குறுகியது. அதனாலேயே “இன்னும் ஒன்றே ஒன்று” என்று சொல்வது எளிது. அப்படிச் சொல்லிச் சொல்லி இரண்டு மணித்தியாலம் போய்விடும். ஆட்டத்தின் நடுவில் நிறுத்தி வைக்கவும் முடியாது. ஒருவர் எழுந்துபோனால் மற்றவர்களின் ஆட்டமும் கெடும். விளையாட்டு இலவசம் என்றாலும் இடையிடையே விளம்பரம் வரும். தொப்பி, உடை, செல்லப்பிராணி என்று அலங்காரங்களைக் காசு கொடுத்து வாங்கச் சொல்லும். அவை வெற்றிக்கு ஒரு துளியும் உதவாதவை. கூடவே குழு அழைப்பும் எடுத்தால் டேட்டா வேகமாகத் தீரும். ரீலோட் செய்யும் பணம் வாப்பாவுடையது.

எங்கள் வீட்டு விதிகள்

விளையாட்டைத் தடை செய்யாமல், அதன் குறைகளைக் குறைப்பதற்காக ராத்தாவும் நாங்களும் சேர்ந்து சில விதிகளை வகுத்துக்கொண்டோம். விரும்பியவர்கள் தம் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

தெரிந்தவர்களுடன் தனியறையில் மட்டும் விளையாட வேண்டும். அறையின் இரகசியக் குறியீட்டைக் குடும்பக் குழுவுக்கு வெளியே கொடுக்கக் கூடாது.

பெயருக்குப் பதிலாகப் பழத்தின் பெயரோ பறவையின் பெயரோ வைக்க வேண்டும். பாடசாலைப் பெயரும் ஊரின் பெயரும் எழுதக் கூடாது.

சத்தியம் செய்யக் கூடாது. வேடதாரியாக வந்தவர் பேசாமல் இருக்கலாம், கேள்விகள் கேட்கலாம், பேச்சை வேறு பக்கம் திருப்பலாம். பொய் சொல்லாமலே ஜெயிக்க முடியுமா என்று முயன்று பார்ப்பது இன்னும் கடினமான, இன்னும் சுவையான விளையாட்டு.

கூட்டம் கூடியதும் ஒருவர் பின் ஒருவராகப் பேச வேண்டும். “எங்கே இருந்தாய்? யாரைக் கண்டாய்?” என்று எல்லோரிடமும் கேட்ட பிறகே வாக்கு. வயதில் சின்னவரிடம் முதலில் கேட்க வேண்டும். ஆட்டத்தை ஆரம்பிப்பவர் பேசும் நேரத்தை அமைப்புகளில் கூட்டிவைக்கலாம். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

அதான் சொல்லப் பத்து நிமிடம் இருக்கும்போது புதிய ஆட்டம் தொடங்கக் கூடாது. பரீட்சைக் காலத்தில் அறவே இல்லை.

இவற்றில் நான்காவது விதி வந்த பிறகு கல்முனைத் தங்கச்சி திரும்பி வந்தாள். அவளிடம் முதலில் கேட்கத் தொடங்கியபோதுதான் ஓர் உண்மை தெரிந்தது. யார் எந்த அறைக்குள் போனார், எப்போது வெளியே வந்தார் என்று எங்கள் எல்லோரையும்விட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். பேசாதவர்கள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இப்போது வேடதாரியாக வருபவர்கள் முதலில் பயப்படுவது அவளுக்குத்தான்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

அன்புப் பெற்றோரே, இந்த விளையாட்டு நல்லதா கெட்டதா என்று எங்களிடம் கேட்டால் நாங்கள் “நல்லது” என்றுதான் சொல்வோம். அதற்குப் பதிலாக மூன்று கேள்விகளைக் கேளுங்கள். யாரோடு விளையாடுகிறாய்? கூட்டத்தில் என்ன பேசுகிறீர்கள்? எத்தனை மணிக்கு முடிப்பாய்? இந்த மூன்றுக்கும் தடுமாறாமல் பதில் சொல்லும் பிள்ளையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. முடிந்தால் ஒருநாள் நீங்களும் ஓர் ஆட்டத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். எங்கள் உம்மா ஒருமுறை சேர்ந்தார். காற்றுக் குழாய் எங்கேயென்று அவருக்குத் தெரியவில்லை, வயரையும் பொருத்த வரவில்லை. ஆனால் தம்பி வேடதாரி என்பதை முதல் கூட்டத்திலேயே குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்.

என் வயதுத் தோழிகளுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த தடவை கூட்டம் கூடும்போது, எல்லோரும் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தால், அந்தப் பெயருக்கு உரியவள் பேசியிருக்கிறாளா என்று பாருங்கள். பேசவில்லை என்றால் வாக்கை அழுத்தும் முன் அவளிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அதற்கு ஐந்து விநாடி போதும்.